மணிக்கட்டுக்கு நேரே நின்ற வரி

கலியாணசுந்தரத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் என் வெட்கத்தைத்தான் எழுத வேண்டியிருக்கிறது. சின்னக் காஞ்சிபுரத்தில் இருபத்தெட்டு வருஷம் தமிழ் வாத்தியாராக இருந்தவன் நான். பெயர் சக்ரவர்த்தி. ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்க்கப் போனேன். ஒற்று மிகுமா மிகாதா என்பதில் என்னை அடிக்க ஆள் இல்லை என்ற மண்டைக்கனம் எனக்கு உண்டு. வீடு வரதராஜப் பெருமாள் கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி. தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட ஜனங்கள் வரிசையில் நிற்பதைப் பார்த்துக்கொண்டே அச்சகத்துக்குப் போவேன். "பல்லிக்கு விழத் தெரியும், பலன் சொல்லத் தெரியுமா?" என்று மனைவி ரமாமணியிடம் கேலி பேசுவேன். அவள் தலையில் அடித்துக்கொள்வாள். இத்தனை பேசிய நான்தான், ஒரு பெண் தன் குழந்தையைப் பிரிந்து ஒரு வருஷம் கிடப்பதற்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவன்.

கலியாணம் அந்த அச்சகத்தில் எழுத்துக் கோப்பவன். பிள்ளையார்பாளையத்து நெசவுக் குடும்பத்துப் பிள்ளை. தறிக்குழியின் ஈரம் ஒத்துக்கொள்ளாமல் சின்ன வயதிலேயே இழுப்பு வந்துவிட்டதால் பதினைந்து வயதில் இந்தத் தொழிலுக்கு வந்தான். இழை பிரித்துப் பழகிய விரல்கள். ஈய எழுத்துகளைப் பெட்டியிலிருந்து பொறுக்குவதில் அவன் வேகம் ஊரில் யாருக்கும் வராது. முப்பது வயதாகியும் பெண் அமையவில்லை; கலியாணம் பெயரோடு சரி. தாயில்லாத அவனை வளர்த்தவள் அக்கா கலாவதி. அவனைவிட ஆறு வயதுதான் பெரியவள். அவனுக்கு மூச்சு இழுக்கும் நாட்களில் நெஞ்சில் தைலம் தேய்த்துவிட்டுக்கொண்டே உட்கார்ந்தபடி தூங்கியவள். அவளை ஐயம்பேட்டையில் உமாபதி என்ற நெசவாளிக்குக் கொடுத்திருந்தார்கள். மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. அக்கா பேச்சை எடுத்தாலே இவனுக்கு முகம் மலர்ந்துவிடும்.

சகுனம் பார்ப்பதில் கலியாணம் பெரிய ஆள். ராகு காலத்தில் புது வேலை தொடமாட்டான். யாராவது தும்மினால் கையில் எடுத்த எழுத்தைத் திரும்பப் பெட்டியில் போட்டுவிடுவான். "ராகு காலத்துல கோத்தா 'ரா' தலைகீழா நிக்குமாப்பா?" என்று நான் சீண்டுவேன். "நீங்க படிச்சவரு சார். எதுவும் உங்களைத் தொடாது. எங்களைத் தொடும்" என்று சிரித்துக்கொண்டே சொல்வான்.

ஒரு பட்டுப் புடவைக் கடைக்காக வருஷா வருஷம் ஒரு தாள் காலண்டர் அடித்துத் தருவோம். மேலே மாதங்கள், கீழே பல்லி விழும் பலன். முதலாளி திருஞானசம்பந்தம் ஒரு பழைய பஞ்சாங்கத்துப் பக்கத்தை அட்டையில் ஒட்டி வைத்திருந்தார். அதைப் பார்த்துத்தான் கோக்க வேண்டும். இடப்பக்கப் பத்தியில் உடம்பின் உறுப்புகள், வலப்பக்கப் பத்தியில் பலன்கள். இரண்டையும் தனித்தனியாகக் கோத்து நூலால் கட்டிப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பான். தொண்ணூற்றைந்து நவம்பரில், மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள், புரூஃப் எடுக்க இயந்திரத்துக்குக் கொண்டுபோகும்போது எழுத்து அடுக்கிய தட்டு சரிந்தது. பலன்கள் இருந்த பத்தியில் கடைசி வரி மட்டும் கழன்று விழுந்தது. எழுத்துக் கோப்பவனுக்குப் பக்கம் தலைகீழாகத்தான் தெரியும். பொறுக்கிய அவசரத்தில் அந்த வரியை அடியில் வைப்பதற்குப் பதிலாக உச்சியில் வைத்துக் கட்டிவிட்டான். அவ்வளவுதான். எல்லாப் பலனும் ஒரு வரி கீழே இறங்கிவிட்டது. தலைக்குரியது நெற்றிக்கு, கழுத்துக்குரியது மணிக்கட்டுக்கு.

புரூஃப் என் மேஜைக்கு வந்தது. ஒவ்வொரு சொல்லாகப் பார்த்தேன். 'வீட்டுப் பெரியவர்' என்பதில் ஒற்று விட்டுப் போயிருந்தது, சேர்த்தேன். வேறு பிழை இல்லை. உண்மையிலேயே ஒரு சொல்கூடத் தப்பில்லை. சிவப்பு மையால் சுழித்துக் கையெழுத்துப் போட்டேன். அன்று எனக்கு என் மீது மிகுந்த திருப்தி.

ஊர் முழுக்க அந்தக் காலண்டர் தொங்கியது. அச்சகத்துக்கு எதிரே டீக்கடை வைத்திருந்த மாணிக்கவாசகம் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "இந்த வருஷக் காலண்டரு சும்மா சொல்லக்கூடாது சார், அப்படியே பலிக்குது. கால் நகத்துல வுழுந்துச்சு, பயணம்னு போட்டிருந்தது. பத்தே நாள்ல திருத்தணி போய்க்கினு வந்துட்டேன்" என்றான். அவன் மாதா மாதம் திருத்தணி போகிறவன். நான் வழக்கம்போலக் கேலி செய்துவிட்டு டீயைக் குடித்தேன்.

மாசி மாதம் ஒரு காலையில் கலியாணம் கண் சிவந்து வந்து விடுப்புக் கேட்டான். ஐயம்பேட்டையில் அக்கா இழை பிரித்துக்கொண்டிருந்தபோது வலது மணிக்கட்டில் பல்லி விழுந்திருக்கிறது. மாமியார் கிருஷ்ணவேணிக்குப் படிக்கத் தெரியாது. "இன்னா போட்டிருக்குது, படி" என்று மருமகளிடமே சொல்லியிருக்கிறாள். கலாவதியே சுவரருகே போய் நின்று வாய்விட்டுப் படித்திருக்கிறாள்: 'மணிக்கட்டு: துணைக்கு ஆபத்து.' மறுநாளே கோயிலுக்கு அழைத்துவந்து பல்லிகளைத் தொடவைத்தார்கள். பதினோராம் நாள், நெய்த புடவையைக் கொடுத்துவிட்டு சைக்கிளில் திரும்பிய உமாபதியை ஒரு லாரி உரசிவிட்டுப் போனது. கால் இரண்டு இடத்தில் முறிந்தது.

"பெருமாள் கோயில் பல்லியைத் தொட்டும் தீரலைன்னா அது சாமானிய தோஷம் இல்ல" என்று சொல்லிவிட்டாள் கிருஷ்ணவேணி. கலாவதியைத் தம்பி வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். குழந்தையைத் தன்னிடமே வைத்துக்கொண்டாள்.

"அநியாயம்" என்று நான் கத்தினேன். கலியாணம் அச்சகத்துச் சுவரில் தொங்கிய அதே காலண்டரைக் காட்டினான்.

"போட்டிருக்குதே சார்."

"நீ கோத்ததுதானேப்பா அது!"

"நான் கோத்தா இன்னா சார்? பலன் பலன்தானே."

அவன் கோத்தது, நான் கையெழுத்துப் போட்டது. இருவரும் அதன் எதிரே நின்று பேசினோம். இருவருக்கும் சந்தேகம் வரவில்லை. தாளில் ஏறிய பிறகு அது எங்கிருந்தோ வந்ததாக ஆகிவிட்டது.

கலாவதி தம்பி வீட்டில் தறிக்கு வேண்டிய நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக்கொண்டு நாளைக் கழித்தாள். வாரத்துக்கு ஒருமுறை குழந்தையை யாராவது அழைத்துவந்து காட்டிவிட்டுப் போவார்கள். நான்காம் மாதத்தில் அந்தக் குழந்தை இவளை "அத்தை" என்று கூப்பிட்டதாம். கலியாணம் அதைச் சொல்லும்போது எழுத்துப் பெட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அடுத்த நவம்பர் வந்தது. தொண்ணூற்றேழாம் வருஷக் காலண்டருக்கு எழுத்துக் கோக்கத் தொடங்கினான். கொஞ்ச நேரத்தில் பழைய பஞ்சாங்க அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு என் மேஜை முன்னால் வந்து நின்றான்.

"சார், இதுல மணிக்கட்டுக்கு இன்னா போட்டிருக்குதுன்னு படிங்க."

படித்தேன். 'மணிக்கட்டு: அணிகலன் சேரும்.'

அதற்கு மேல் வரி: 'கழுத்து: துணைக்கு ஆபத்து.'

சுவர்க் காலண்டரையும் அட்டையையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். வரிக்கு வரி எல்லாமே ஒன்று இறங்கி இருந்தது. அட்டையை முதல் வரியிலிருந்து படிக்கப் படிக்க இன்னொன்றும் புரிந்தது. பாதத்துக்குப் பயணம். காதுக்கு நல்ல சேதி. வயிற்றுக்குத் தானியம். மணிக்கட்டுக்கு வளையல். கழுத்துக்குத் தாலி, ஆகவே கணவன். எந்தக் காலத்திலோ எவனோ ஒருவன் உட்கார்ந்து, உறுப்பைப் பார்த்து, பக்கத்தில் என்ன நினைவு வந்ததோ அதை எழுதியிருக்கிறான். எனக்குத் தெரிந்த மூன்றாம் வகுப்புப் பையன்கள் 'பொருத்துக' கேள்விக்கு விடை எழுதுவதும் இப்படித்தான். நாங்கள் அதையும் ஒழுங்காகப் பொருத்தவில்லை. அப்படியும் ஊரில் எல்லோருக்கும் பலித்தது.

"என் அக்காவை நானே அனுப்பிச்சிட்டேன் சார்" என்றான் கலியாணம். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

அன்றே பஸ் பிடித்து இருவரும் ஐயம்பேட்டை போனோம். பழைய அட்டையையும் காலண்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கிருஷ்ணவேணிக்கு நான் படித்துக் காட்டினேன். தட்டு சரிந்த கதையைக் கலியாணம் சொன்னான். அந்த அம்மாள் குழந்தைக்குத் தலை பின்னிக்கொண்டே பொறுமையாகக் கேட்டாள்.

"ஏன்பா, எத்தினி வருஷமா நீ எழுத்துக் கோக்குற?"

"பதினஞ்சு வருஷமா அத்தை."

"இத்தினி வருஷமும் சரியாத்தானே கோத்த? அந்த ஒரு நாளு மட்டும் ஏன் வுழுந்துச்சு? பழைய அட்டையில இருந்ததுதான் தப்பு. அதைத் திருத்தணும்னுதான் உன் கையைத் தட்டிவிட்டிருக்குது. என் புள்ள காலு ஒடிஞ்சது நெஜமா, பொய்யா?"

இலக்கண விவாதங்களில் எத்தனையோ பேரை மடக்கியவன் நான். காலண்டரைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டேன். இவ்வளவு நேர்த்தியான பதிலை இவ்வளவு சாதாரணமாகச் சொன்னதுதான் எனக்கு அதிர்ச்சி.

ஆனால் உமாபதி நல்ல மனிதன். தறி மேடையிலிருந்து கழியை ஊன்றி எழுந்தான். "அம்மா கிடக்கட்டும் மச்சான். நான் வர்றேன், இப்பவே போய் இட்டுக்கினு வந்துடலாம்" என்றான். எங்களுக்கு உயிர் வந்தது. பஸ்ஸில் திரும்பும்போது கலியாணம் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தான். அக்காவுக்குப் பிடித்த அல்வா வாங்கிக்கொண்டான்.

வாசலில் கணவனைக் கண்டதும் கலாவதி எழுந்து நின்றாள். கண் முதலில் அவன் காலுக்குத்தான் போயிற்று. கலியாணம் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னான். அட்டையையும் காலண்டரையும் காட்டினான். கைகூப்பினான். அவள் இரண்டையும் வாங்கிப் படித்தாள். நிதானமாக, விரல் வைத்துப் படித்தாள்.

"நான் வரலைங்க" என்றாள் கணவனிடம்.

"அக்கா! தப்பாக் கோத்தது நான்தான்னு சொல்றேனே!"

"நீ தப்பாக் கோத்த, சரி. முப்பது வரி இருக்குதே, அந்த வரி ஏன் என் மணிக்கட்டுக்கு நேரா வந்து நின்னுச்சு? பல்லி வேற எங்கயும் வுழாம ஏன் அங்க வுழுந்துச்சு?" அவள் குரல் உயரவே இல்லை. கணவனைப் பார்த்துச் சொன்னாள்: "பல்லி வுழுந்தப்புறம் அந்த வூட்ல நான் இருந்த பதினோரு நாள்ல உங்க காலு போச்சு. நான் இல்லாத இந்த ஒம்போது மாசத்துல உங்களுக்கு ஒரு தலைவலி உண்டா? நான் வந்து, உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா, அட்டையைக் காட்டினா திரும்பி வருவீங்களா? நீங்க உசுரோட அங்க இருந்தாப் போதும். புள்ளைக்கு அப்பா வேணும்."

உமாபதி அழுதான். அவளும் அழுதாள். ஆனால் அசையவில்லை. யாரோ வற்புறுத்தி அவளை அங்கே இருத்தி வைத்திருக்கிறார்கள் என்று அதுவரை நினைத்திருந்தேன். அவளே தன்னைக் காவலில் வைத்துக்கொண்டிருந்தாள், அதுவும் பிரியத்தினால். அவன் நன்றாக இருக்கும் ஒவ்வொரு நாளும் அவளுக்கு ஒரு சாட்சி. இதை எந்தப் புரூஃபில் எப்படித் திருத்துவது? அன்று வீட்டுக்கு வந்து ரமாமணியிடம் சொன்னேன். என்னைக் கேலி செய்வாள் என்று பார்த்தேன். அவள், "பாவம், அவ சொல்றதுலயும் நியாயம் இருக்கே" என்றாள்.

மறுநாள் முதலாளியிடம் போய்ப் பட்டியலைத் திருத்த வேண்டும் என்றேன். திருஞானசம்பந்தம் தலையைச் சொறிந்தார்.

"கடைக்காரரு போன வருஷம் அடிச்ச பட்டியலேதான் வேணும்னு சொல்லிக்கினு இருக்காரு சார். பழைய பட்டியல்ல இத்தினி வருஷமா ஒண்ணும் பலிக்கலையாம். இதுதான் பலிக்குதாம்."

நான் கத்தித் தீர்த்தேன். பயனில்லை. கலியாணம் எழுத்துப் பெட்டிப் பக்கம் திரும்பிப் போனான். மாலையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அக்காவுக்கு நான் சொன்னா ஏறாது சார், அச்சுல வந்தாத்தான் ஏறும். இன்னும் மூணு மாசத்துல அவ வந்து ஒரு வருஷம் முடியுது. பட்டியலுக்குக் கீழ ஒரு வரி சேர்த்துடறேன். நீங்க மட்டும் கண்டுக்காதீங்க."

புரூஃப் வந்தது. அடியில் புது வரி: 'மணிக்கட்டு தோஷ பரிகாரம்: துணையை விட்டு ஓராண்டு பிரிந்திருந்தால் தோஷம் முற்றிலும் விலகும்.' சுத்தப் பொய். என் வாழ்நாளில் தெரிந்தே ஒரு பொய்யைப் பார்த்து அனுப்பியதில்லை. கலாவதி விரல் வைத்துப் படித்தது கண்முன் வந்தது. 'மணிக்கட்டுத் தோஷ பரிகாரம்' என்று ஒற்றை மட்டும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டேன்.

தை பிறப்பதற்குள் காலண்டர் எல்லா வீட்டிலும் தொங்கியது. அந்த வரியை முதலில் பார்த்தவள் கலாவதிதான். பார்த்ததும் நாள் எண்ணத் தொடங்கிவிட்டாளாம். மாசியில் வருஷம் முடிந்த அன்று உமாபதி வந்து அழைத்துப் போனான். கிருஷ்ணவேணி ஆரத்தி எடுத்து உள்ளே விட்டாள். நாலு நாளில் குழந்தை "அம்மா" என்று சொல்லிவிட்டது. கலியாணம் அச்சகத்தில் எல்லோருக்கும் ஜாங்கிரி கொடுத்தான். நானும் இரண்டு சாப்பிட்டேன். பொய்யைப் பொய்யால் ஜெயித்துவிட்டோம் என்று எனக்குள் ஒரு கர்வம்கூட வந்தது. இனிமேல் கேலி செய்ய எனக்கு ஒரு நல்ல கதை கிடைத்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

அந்த வருஷம் ஐப்பசியில், ஒரு பிற்பகல், வாலாஜாபாத்திலிருந்து சின்னப்பையன் என்ற பெரியவர் மகளோடு அச்சகத்துக்கு வந்தார். மகள் பெயர் இளவரசி. இருபது வயது இருக்கும். காலண்டரின் அடியில் எங்கள் அச்சகத்தின் பெயர் இருந்ததால் விசாரித்துக்கொண்டு வந்திருந்தார்கள். பெரியவர் மடித்து வைத்திருந்த காலண்டரைப் பிரித்துக் கலியாணத்தின் முன்னால் வைத்தார். கடைசி வரியில் விரலை வைத்தார்.

"இதுல ஓராண்டுன்னு போட்டிருக்கீங்களே, அது பிரிஞ்ச நாள்லேர்ந்து ஒரு வருஷமா, இல்ல சித்திரைக்குச் சித்திரை முழுசா இருக்கணுமாங்க? இவளை ஐயம்பேட்டையில குடுத்திருக்கிறோம். மாசியில மணிக்கட்டுல பல்லி வுழுந்துச்சுன்னு அனுப்பி வெச்சாங்க. எட்டு மாசம் ஆவுது. வர்ற மாசியில முடியுதுன்னு நாங்க சொல்றோம். சம்பந்தி வூட்டுல சித்திரை வரணும்ங்கறாங்க. போட்டவங்களையே கேட்டுடலாம்னு வந்தோம்."

கலியாணத்தின் கையிலிருந்த எழுத்துகள் மேஜையில் சிதறின.

"ஐயா, அது பொய்ங்க" என்றான். "நானாக் கோத்த வரி. சாஸ்திரத்துல எங்கயும் கிடையாது. இப்பவே கொண்டுபோய் விட்டுடுங்க."

பெரியவர் சிரித்தார். "விளையாடாதீங்க தம்பி. ஐயம்பேட்டையில கிருஷ்ணவேணியம்மா மருமவ சரியா ஒரு வருஷம் பொறந்த வூட்ல இருந்துட்டுப் போனாங்க. இன்னிக்கு அந்த வூட்ல ஒரு குறை இல்ல. அந்தம்மா சொல்லித்தானே சம்பந்தி இவளை அனுப்பினதே?"

'அது என் அக்கா' என்று சொன்னால் அதுவும் ஒரு சாட்சியாகத்தான் போகும் என்று கலியாணத்துக்கும் தெரிந்திருக்க வேண்டும். என்னைப் பார்த்தான். பிறகு அந்தத் தாளைப் பார்த்தான்.

"ஐயா, அதுல அச்சுப் பிழை ஆயிடுச்சுங்க" என்றான் மெதுவாக. "ஓராண்டு இல்ல. ஒரு வாரம்னு இருக்கணும்."

பெரியவர் முகம் மாறியது. "நெஜமாவா? சார், நீங்க பெரியவரு, சொல்லுங்க" என்று என் பக்கம் திரும்பினார். உண்மையைச் சொன்னபோது சிரித்த மனிதர், இதற்குக் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு நின்றார். நான் சிவப்புப் பேனாவை எடுத்தேன். 'ஓராண்டு' என்பதை அடித்து 'ஒரு வாரம்' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, அச்சக முத்திரையும் குத்திக் கொடுத்தேன். பெரியவர் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, இன்றைக்கே ஐயம்பேட்டை போய்விடலாம் என்று எழுந்தார்.

இளவரசி எழுந்திருக்கவில்லை. அப்பா கையிலிருந்த தாளை வாங்கினாள். அடித்த சொல்லையும் எழுதிய சொல்லையும் படித்தாள்.

"கல்யாணம் ஆயி நாப்பது நாள்தான் சார் அவரோட இருந்தேன்" என்றாள். "ஒரு வாரம்தானா? அப்ப நான் இந்த எட்டு மாசம் இருந்தது எதுக்கு?"